எந்த மிசோ, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

மிசோ என்ற ஜப்பானியச் சோயா விழுதைப் பூசி ஓவனில் சுட்ட கோழியைப் பற்றித் தம்பி எழுதிய குறிப்பு கைக்கு வந்தது. படங்களோடு நிதானமாகப் படித்தாயிற்று. முதுகெலும்பை வெட்டிக் கோழியை விரிப்பது, ஓவனை முன்கூட்டியே சூடேற்றுவது, வெந்ததைச் சற்று ஆறவிட்டு வெட்டுவது எல்லாம் அடுக்களையில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. அதற்கு ஒரு கடிதம் வேண்டாம். பேச வேண்டியது பொருள் பட்டியலில் உள்ள ஒரு வரியைப் பற்றி. 'மிசோ – 3 மேசைக்கரண்டி' என்று இருக்கிறது.

எந்த மிசோ?

பச்சரிசியா, புழுங்கலா, சீரகச் சம்பாவா என்று சொல்லாமல் 'அரிசி – 2 டம்ளர்' என்று ஒருவர் எழுதினால் தம்பியே அந்தக் குறிப்பை மூடி வைத்துவிடுவார். மிசோவுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? டப்பாவில் ஜப்பானிய எழுத்து, உள்ளே பழுப்பு விழுது, அத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. கைதேர்ந்த சமையற்காரர்களிடமே இந்த அசட்டை ஊறிப்போயிருக்கிறது. தம்பியிடம் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் ஒகசாகி என்று ஓர் ஊர். ஷோகன் தோகுகாவா இயேயாசு பிறந்த கோட்டை அங்கேதான் இருக்கிறது. கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 870 மீட்டர் போனால், பழைய தோகாய்தோ நெடுஞ்சாலையின் இரு பக்கமும் எதிரும் புதிருமாக இரண்டு மிசோ ஆலைகள். மாருயா 1337-ல் தொடங்கியதாகச் சொல்கிறது, ககுக்கியூ 1645-ல். இரண்டு ஆலைகளும் செய்வது ஹட்சோ மிசோ. இதில் அரிசி கிடையாது, பார்லி கிடையாது. வெந்த சோயாவைக் கைப்பிடி அளவு உருண்டைகளாகப் பிடித்து, அந்த உருண்டைகளிலேயே கோஜிப் பூஞ்சையை வளர்க்கிறார்கள். பிறகு உப்பும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து ஆளுயரத்தைத் தாண்டிய மரத்தொட்டிக்குள் மிதித்து அடைக்கிறார்கள். ஒரு தொட்டிக்குச் சுமார் 6 டன் மிசோ. அதன்மேல் ஆற்றுக் கற்களைக் கையாலேயே கூம்பாக அடுக்குகிறார்கள். கல் மட்டும் ஏறத்தாழ 3 டன். கல் சரியாமல் அடுக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு தொழிலாளிக்குப் பல ஆண்டுகள் ஆகும். பிறகு இரண்டு கோடை, இரண்டு குளிர்காலம் யாரும் தொடுவதில்லை.

2017 டிசம்பரில் ஜப்பானிய வேளாண் அமைச்சகம் ஹட்சோ மிசோவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. வாங்கியது அதே மாகாணத்தின் வேறு உற்பத்தியாளர்களைக் கொண்ட சங்கம். அந்த விதிகளின்படி மரத்தொட்டி கட்டாயமில்லை, உலோகத் தொட்டியும் போதும். இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை, சில மாதங்களே போதும். மாகாணத்துக்குள் எங்கே செய்தாலும் சரி. சாலையின் இரு பக்கமும் இருந்த இரண்டு பழைய ஆலைகள் குறியீட்டுக்கு வெளியே நின்றன. முறையீடு, வழக்கு என்று அது ஆண்டுக்கணக்கில் நீண்டது. கல்லின் எடைக்காகவும் தொட்டியின் மரத்துக்காகவும் அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்கிற அளவுக்கு அங்கே அந்தப் பொருளின் மேல் பற்று. தம்பியின் குறிப்பில் அதற்கு ஓர் அடைமொழி கூடக் கிடைக்கவில்லை.

ஹட்சோ ஒரு கோடி என்றால் கியோத்தோவின் சாய்க்கியோ மிசோ மறு கோடி. சோயாவைவிட அரிசிக் கோஜி ஏறத்தாழ இரு மடங்கு, உப்பு 5 அல்லது 6 சதவீதம், ஊறவேண்டிய காலமும் குறைவு. நிறம் வெளிர்மஞ்சள், நாவில் பட்டதும் இனிப்பு. இரண்டுக்கும் நடுவில் நாகானோ மாகாணத்தின் ஷின்ஷு மிசோ. ஜப்பானில் செய்யும் மிசோவில் ஏறக்குறைய பாதி நாகானோவிலிருந்து வருவது. அதில் உப்பு 12 சதவீத அளவு. கியூஷுவின் பார்லி மிசோ, செந்தாயின் சிவப்பு மிசோ என்று பட்டியல் இன்னும் நீளும். இந்தக் கோழிக்கு இந்த மூன்றே போதும்.

இப்போது தம்பியின் குறிப்பை உப்புக் கணக்காகப் பிரித்துப் பார்க்கலாம். 3 மேசைக்கரண்டி மிசோ சுமார் 54 கிராம். ஷின்ஷு என்று வைத்துக்கொண்டால் அதில் உப்பு ஆறரை கிராம். 2 மேசைக்கரண்டி சோயா சாஸில் 5 கிராம். முந்தின இரவு தடவச் சொன்ன 2 தேக்கரண்டி உப்பு 12 கிராம். மொத்தம் 23, 24 கிராம். எலும்போடு 1.2 கிலோ எடையுள்ள கோழிக்கு 12 முதல் 14 கிராம்தான் வேண்டும். சாய்க்கியோவாக இருந்தால் மிசோவின் உப்பு பாதிக்கும் கீழே இறங்கும், ஆனால் சர்க்கரை ஏறிவிடும். ஹட்சோவாக இருந்தால் உப்பு ஷின்ஷுவுக்குப் பக்கத்தில் நிற்கும், இனிப்பு அநேகமாக இராது, லேசான துவர்ப்பு எட்டிப் பார்க்கும். மூன்று டப்பாவுக்கு மூன்று கோழி. குறிப்பை நம்பிச் சமைக்கிறவர் வீட்டில் எது வந்து சேரும் என்று தம்பியால் சொல்ல முடியுமா?

அடுத்த குறை இதைவிட மனத்தை அறுக்கிறது. தம்பி செய்த மிக நல்ல காரியத்தை அதுவே கெடுத்துவிடுகிறது.

விரித்த கோழிக்கு உப்புத் தடவி, மூடாமல், ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைக்கச் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு வரியை ஒரு தமிழ்ச் சமையல் குறிப்பில் பார்க்கக் காத்திருந்து கண் பூத்துப்போயிற்று. காலையில் தோல் இறுகி, தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாமல், அடியில் ஓடும் சதையின் கோடு வெளியே தெரியும் என்று எழுதியிருக்கிறாரே, அது அபாரம். தொட்டுப் பார்த்த கைக்கு மட்டுமே வரும் எழுத்து. பேர் பெற்ற சமையல் புத்தகங்கள் பலவற்றிலும் இவ்வளவு துல்லியமான இரண்டு வரி கிடையாது. அந்தப் பத்தியைப் பயிற்சிப் பள்ளிகளில் பாடமாகவே வைக்கலாம்.

அடுத்த வரியிலேயே அந்தக் காய்ந்த தோலின்மேல் மிசோ, மிரின் (இனிப்பான அரிசி மது), சோயா சாஸ், தேன் கலந்த விழுதை அப்பி, 220 டிகிரியில் 50 நிமிடம் வைக்கச் சொல்கிறார். ஓர் இரவு முழுக்க விரட்டிய ஈரத்தை ஒரே நிமிடத்தில் திரும்ப அழைத்தாயிற்று. ஈரம் இருக்கிறவரை தோலின் சூடு 100 டிகிரிப் பக்கமே நிற்கும். அடியிலுள்ள கொழுப்பு உருகி வடிந்து தோல் மொறுமொறுப்பதற்குள் மேலே இருக்கிற பூச்சு காய்ந்து தனியாகச் சூடேறிவிடும். மிசோ ஊறும்போதே கோஜியின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும் புரதத்தை அமினோ அமிலங்களாகவும் உடைத்து வைத்திருக்கின்றன. பொருள் சிவந்து மணப்பதற்கான மெய்லார்ட் வினைக்கு இவை இரண்டுமே வேண்டும். சூடு 140 டிகிரியைத் தாண்டியதும் அது விறுவிறுவென்று நடக்கும், கவனிக்காவிட்டால் கருகலில் போய் நிற்கும். தேன் வேறு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். தம்பியின் படத்தில் நெஞ்சின் மேடு கரிந்திருக்கிறது, தொடை மடிப்பில் தோல் வெளிறி நனைந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை.

கியோத்தோவில் மீனை சாய்க்கியோ மிசோவில் ஊறவைக்கும்போது மெல்லிய துணியில் சுற்றிப் புதைப்பதுண்டு. சுவை உள்ளே இறங்கும், மிசோ மீனில் ஒட்டாது. ஒட்டினாலும் சுடுமுன் துடைத்துவிடுவார்கள். 1987-ல் பெவர்லி ஹில்ஸில் உணவகம் திறந்த நோபு மட்சுஹிசா இந்த வழியைத்தான் உலகெங்கும் கொண்டுபோனார். அவருடைய 'பிளாக் காட்' மீன் சாய்க்கியோ மிசோ, சாக்கே, மிரின், சர்க்கரைக் கலவையில் இரண்டு மூன்று நாள் ஊறும். அடுப்புக்குப் போகுமுன் மேலே உள்ளதை வழித்துவிட வேண்டும், கழுவக் கூடாது. அதை நகலெடுத்த எத்தனையோ உணவகங்கள் ஊறவைப்பதை எடுத்துக்கொண்டன, வழிப்பதை விட்டுவிட்டன. அந்த மீன் கசப்பதற்கு அதுவே காரணம்.

இதை எழுதுபவர் இளவயதில் வேலை பார்த்த ஓட்டல் அடுக்களைக்கு கிஃபு மாகாணத்துக்காரர் ஒருவர் பயிற்சி கொடுக்க வந்திருந்தார். ஆங்கிலம் சொற்பம், பேச்சே சொற்பம். ஊறிய மீனை எடுத்ததும் ஆள்காட்டி விரலால் தலைப்பக்கத்திலிருந்து ஒரே இழுப்பு இழுத்து, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு பருக்கை மிசோ தெரிந்தாலும் மீன் திரும்ப மேசைக்கு வரும். ஒரு பையன் அவசரத்தில் குழாயைத் திறந்து கழுவப் போனபோது, ஒன்றும் சொல்லாமல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயை மூடினார். மிசோவை ருசி பார்க்கக் கரண்டி எடுக்க மாட்டார். வெள்ளரித் துண்டில் தொட்டுக் கடிப்பார். ஓய்வு நேரத்தில் அவர் பேசியதெல்லாம் சொந்த ஊரின் கேய்ச்சான் பற்றியே. மிசோவில் ஊறவைத்த கோழித் துண்டுகளை முட்டைக்கோஸோடு இரும்புத் தட்டில் புரட்டுவார்கள். கிஃபுவின் குஜோ, கெரோ பகுதிகளின் சாப்பாடு அது. முட்டையிட்டு ஓய்ந்த கோழியின் கெட்டிச் சதையையும் மிசோ பதப்படுத்தும் என்பார். கோழியும் மிசோவும் உண்மையில் கூடி வாழ்ந்த இடம் அந்த மலையூர்தான்.

ஜப்பானில் கோழிக்கறியின் கதையே விசித்திரமானது. 675-ல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஐந்தையும் விவசாய மாதங்களில் உண்ணத் தடை போட்டார். மெய்ஜி காலத்தில் பிழைப்பு போன சாமுராய் குடும்பத்து கைஃபு சகோதரர்கள், 1880-களில் நகோயா பக்கம் உள்ளூர்க் கோழியையும் சீனாவிலிருந்து வந்த கொச்சின் கோழியையும் கலந்து நகோயா கொச்சின் இனத்தை உருவாக்கினார்கள். நகோயாவும் ஹட்சோ மிசோவின் அதே ஐச்சி மாகாணத்தில்தான் இருக்கிறது. ஆனால் முழுக் கோழியை ஓவனில் சுடுவது அங்கே வீட்டுப் பழக்கம் அல்ல. அங்கே பல வீடுகளில் காஸ் அடுப்புக்கு அடியில் இருப்பது மீன் சுடும் சின்ன இழுப்பறைதான். ஆகவே குறிப்பின் தலைப்பில் உள்ள 'பாரம்பரிய' என்ற சொல்லைத் தம்பி எடுத்துவிடட்டும். புதிதாகப் பிறந்த பண்டம் என்பதில் ஒரு குறைவும் இல்லை.

திருத்தம் பெரிய வேலை அல்ல. ஷின்ஷு மிசோ என்று பெயர் சொல்லி எழுதட்டும். சோயா சாஸை நீக்கி, முந்தின இரவு உப்பை 1 தேக்கரண்டியாகக் குறைத்தால் மொத்தம் பன்னிரண்டு, பதின்மூன்று கிராமில் நிற்கும். மிசோவில் ஒரு பங்கை வெண்ணெயோடு குழைத்துத் தோலுக்கு அடியில், நெஞ்சிலும் தொடையிலும் விரலால் தள்ளிவிடலாம். அங்கே நேர்ச்சூடு படாது, கருகாது. தோலின்மேல் எண்ணெய் மட்டும். மிரினை முதலில் கொதிக்கவைத்துச் சாராயத்தை ஆவியாக்கி, மீதி மிசோவை அதில் கரைத்து, பிரஷில் எடுத்தால் வழிகிற பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நெஞ்சில் குத்திய தெர்மாமீட்டர் 60 டிகிரியைத் தாண்டும்போது முதல் பூச்சு, மெல்லியதாக. சில நிமிடம் கழித்து மறுபூச்சு. 74 வந்ததும் வெளியே எடுக்கலாம். தொடை அதற்குள் 80-ஐத் தாண்டியிருக்கும். தொடைக்கு அது நல்லதுதான். குச்சியில் கோழி சுடும் யாகித்தோரிக் கடைக்காரர் குச்சியைச் சாற்றில் முக்குவதும் கறி முக்கால் பங்கு வெந்த பிறகே. வீட்டு ஓ.டி.ஜி.யில் மேல் கம்பி கோழிக்கு மிக அருகில் இருக்கும். தட்டைக் கீழ்ப்படியில் வைக்கச் சொல்லி ஒரு வரி சேர்க்க வேண்டும்.

தோலைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கேட்காவிட்டால் தோலை உரித்தே கொடுத்துவிடுவார்கள். தோலோடு, முழுசாக, கீறல் போடாமல் வேண்டும் என்று வெட்டுவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். தோல் இல்லாத கோழிக்கு இந்தக் குறிப்பில் வேலை இல்லை.

பூச்சில் பாதியை முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடட்டும். வேகாத கோழியைத் தொட்ட பிரஷ் அந்தக் கிண்ணத்துக்குள் போகக் கூடாது. தட்டில் வடிந்த சாற்றின் மேல்கொழுப்பை வழித்துவிட்டு, எடுத்து வைத்த பூச்சில் சேர்த்து ஒரு கொதி விட்டு, அரிசி வினிகர் சில சொட்டு விட்டால் ஊற்றிச் சாப்பிடக் குழம்பு தயார். திருத்திய குறிப்பு அச்சுக்குப் போகுமுன் ஒரு பிரதி அனுப்பி வைக்கட்டும்.

அன்புடன்,
அடுக்களையிலிருந்து ஒரு மூத்தவர்