மூட்டுக்குள் கசியும் குருதி

ஹீமோபிலியா உள்ளவர்க்குத் தோலின் கீறலைவிட மூட்டுக்குள் கசியும் குருதியே பெருந்தொல்லை. முழங்கால், முழங்கை, கணுக்கால் ஆகியவையே பெரும்பாலும் தாக்கப்படுகின்றன. வீக்கம் தெரியுமுன்பே மூட்டில் குறுகுறுப்பும் வெதுவெதுப்பும் தோன்றும். சிறுவன் அதைச் சொன்னவுடனே நம்ப வேண்டும். நாமோ சுளுக்கு என்று எண்ணெய் தடவி உருவிவிடுகிறோம்! அது கசிவை மிகுவிக்கும். ஆஸ்பிரினும் ஆகாது. ‘ஏ’ வகையினர்க்கு எட்டாம் உறைகாரணியையும் ‘பி’ வகையினர்க்கு ஒன்பதாம் காரணியையும், கூடுமானால் இரண்டு மணி நேரத்துக்குள், சிரைவழி செலுத்துவதே மருத்துவம். 1964-இல் ஜூடித் பூல் அம்மையார், உறைந்த பிளாஸ்மாவை மெல்ல உருக்கும்போது தங்கும் படிவில் எட்டாம் காரணி செறிந்திருக்கக் கண்டார். காரணி கிடைக்கும்வரை மூட்டுக்கு ஓய்வும் பனிக்கட்டி ஒத்தடமும் தரலாம். தாமதித்தால் குருதியிலுள்ள இரும்பு மூட்டுறையைத் தடிக்கச் செய்யும். தடித்த உறை மீண்டும் மீண்டும் கசியும். வலி அடங்கியபின் மெல்லிய பயிற்சியால் தசையை வலுப்படுத்தாவிடில் முழங்கால் மடங்கியபடியே நின்றுவிடக் கூடும்.