கழுத்துக் குழாயை எப்பொழுது எடுக்கலாம்?

மும்பையில் சயானிலிருந்து செம்பூர் வழியாகத் தாணே நோக்கிச் செல்லும் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் வாகனப் போக்குவரத்து மிகுதி. விபத்தில் தலையில் காயமுற்றோர் பலர் சயானிலுள்ள லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுகின்றனர். நெடுநாள் நினைவிழந்து கிடப்போருக்குக் கழுத்தின் முன்புறத்தில் துளையிட்டு, மூச்சுக்குழலினுள் வளைந்த குழாய் ஒன்றைப் பொருத்துவது உண்டு. இச்சிகிச்சைக்கு டிராக்கியாஸ்டமி என்று பெயர். குழாயுடனேயே வீடு திரும்புவோரும் உளர். அவர்தம் வீட்டார் சுகாதாரப் பணியாளரிடம் முதலில் கேட்பது, 'இதை எப்பொழுது எடுப்பார்கள்?' என்பதே.

குழாயின் பயன்

நினைவிழந்தவரின் நாக்குப் பின்னே சரிந்து மூச்சு வழியை அடைக்கக்கூடும். விழுங்கும் ஆற்றல் குன்றுவதால் எச்சில் நுரையீரலுள் இறங்கும். இருமி வெளியேற்றவும் வலிமை இராது. இந்நிலையில் குழாயானது மூச்சுக்கு வழியாகவும், சளியை உறிஞ்சி எடுக்கும் வாயிலாகவும் அமைகிறது.

தகுதி காணல்

குழாயை எடுக்கும் காலத்தை நாட்களின் எண்ணிக்கை முடிவு செய்வதில்லை. நோயாளி இயந்திரத் துணையின்றிச் சுவாசித்தல் வேண்டும். வலிமையுடன் இருமுதல் வேண்டும். எச்சிலை விழுங்குதல் வேண்டும். குழாய்க்கு மேலுள்ள சுவாச வழி அடைப்பின்றி இருத்தல் வேண்டும். நினைவு முற்றும் திரும்பாதவர் சிலரும் இத்தகுதிகளைப் பெறுவர். கண் விழித்துப் பார்ப்பவராயினும் இருமல் வலுப்பெறாதவர் காத்திருத்தல் வேண்டும்.

ஸ்பெயின் நாட்டில் நினைவுள்ள நோயாளிகள் 330 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், குழாயை 24 மணி நேரம் மூடிச் சோதித்த பிரிவினருக்கு அதை எடுக்க ஏறத்தாழ 13 நாட்கள் ஆயின. பிராணவாயுவை இடைவிடாது செலுத்தி, சளி உறிஞ்சும் தடவைகள் குறைவதைக் கொண்டு முடிவு செய்த பிரிவினருக்கு 6 நாட்களே ஆயின. ஆகவே, ஒரு நாளில் எத்தனை முறை சளி உறிஞ்சப்பட்டது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுதல் பெரிதும் பயன் தரும்.

படிப்படியாக விடுவித்தல்

சில குழாய்களின் உட்புற முனையருகே கஃப் எனப்படும் சிறு காற்றுப்பை உண்டு. அது ஊதப்பட்டிருக்கையில் காற்று குழாய் வழியாக மட்டுமே சென்று வரும்; குரல் நாண்களை அடையாது. நோயாளிக்குப் பேச்சு எழாமைக்குக் காரணம் இதுவே. மருத்துவமனையில் முதலில் இப்பையின் காற்றை இறக்குவர். பின்னர் தேவைக்கேற்பச் சிறிய குழாயை மாற்றுவர். அதன்பின் குழாய் வாயைச் சிறிது சிறிதாக நேரம் கூட்டி மூடிப் பார்ப்பர்.

இங்கு ஓர் எச்சரிக்கை. காற்றுப்பை ஊதியிருக்கையில் குழாயை மூடினால் மூச்சுக்கு வேறு வழியே இல்லை. சில நிமிடங்களில் உயிர் பிரியும். பேசுவதற்கான ஒருவழி வால்வைப் பொருத்தினும் இதே ஆபத்து நேரும். உட்சென்ற காற்று வெளிவர இயலாது. எனவே 'பேச வைத்துப் பார்ப்போம்' என்று வீட்டார் குழாயை மூட முனைந்தால், பணியாளர் உடனே தடுத்தல் வேண்டும்.

எடுத்த பின்னர்

துளையின்மேல் கட்டுப் போட்டால் பெரும்பாலும் அது தானே மூடிக்கொள்ளும். எனினும் மூச்சில் சீறல் ஒலி, விலாவிடை உள்வாங்கல், உதடு நீலமாதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புக. மூச்சுக்குழல் வடுவினால் சுருங்குவது வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்தும் நேரலாம். ஆதலால் குழாய் நீங்கிய பின்னரும் கண்காணிப்புத் தொடர்தல் வேண்டும்.