மக்கள் நலனுக்காக அரசிடம் வாதாடும் தொழில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நோய் வந்தபின் சிகிச்சை தருவது மருத்துவமனையின் வேலை. நோயே வராமல் தடுக்கும் சட்டங்களும் விதிகளும் வரிகளும் அமைவதற்காக, ஆதாரங்களைத் திரட்டி அரசை அணுகுவது பொதுச் சுகாதார அட்வகசி. இதை முழுநேரத் தொழிலாகச் செய்பவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். இத்தொழிலைப் பற்றிய தவறான எண்ணங்கள், இதற்கு வர வேண்டிய இளைஞர்களைத் தயங்க வைக்கின்றன.

நம்பிக்கை: இது டாக்டர்களுக்கான வேலை.

உண்மை: வரியை உயர்த்தினால் சிகரெட் விற்பனை எவ்வளவு குறையும் என்று கணக்கிடுபவர் பொருளியலாளர். விதியின் வாசகத்தில் ஓட்டை விழாமல் பார்ப்பவர் வழக்கறிஞர். மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகம் போன்றவை, மருத்துவம் படிக்காத பட்டதாரிகளையும் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன.

நம்பிக்கை: மேலிடத்தில் ஆள் இருந்தால் போதும்.

உண்மை: அறிமுகத்தால் சந்திப்பு கிடைக்கலாம், கோப்பு நகர்வது எழுத்தால்தான். வரைவுச் சட்டங்களையும் விதிகளையும் குறைந்தது 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2014ஆம் ஆண்டுக் கொள்கை. அந்த அவகாசத்துக்குள் கருத்துரை போய்ச் சேர வேண்டும். நல்ல கருத்துரை பெரும்பாலும் ஓர் அட்டவணைதான்: எந்த உட்பிரிவு, இப்போதைய வாசகம், மாற்று வாசகம், அதற்கான ஆதாரம். அப்படியே எடுத்துக் கோப்பில் சேர்க்கும்படி இருந்தால்தான் அதிகாரிக்கு அது பயன்படும்.

நம்பிக்கை: சுகாதாரத் துறையை மட்டும் அணுகினால் போதும்.

உண்மை: புகையிலை வரி நிதித் துறையிடமும் ஜி.எஸ்.டி. கவுன்சிலிடமும் இருக்கிறது, ஹெல்மெட் விதி போக்குவரத்துத் துறையிடம் இருக்கிறது. இலங்கை, தற்கொலைக்குப் பயன்பட்டுவந்த மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை 1995இலும் எண்டோசல்ஃபானை 1998இலும் தடைசெய்தது. 2005க்குள் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அத்தனை உயிர்களைக் காத்த அந்த முடிவுகள் சுகாதாரத் துறையின் வழியே அல்ல, பூச்சிக்கொல்லிப் பதிவு முறையின் வழியே வந்தவை.

நம்பிக்கை: கம்பெனிகளுக்காக லாபி செய்வதும் இதுவும் ஒன்றுதான்.

உண்மை: வழிமுறைகள் ஒத்திருக்கலாம், யாருடைய நலனுக்காக என்பதில்தான் வேறுபாடு. இந்தியா 2004இல் ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3ஆம் பிரிவு, சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் வணிக நலன்களிலிருந்து காக்கச் சொல்கிறது. லாபி செய்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆகவே, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தாமாகவே வெளிப்படையாகச் சொல்வது இத்தொழிலில் இருப்பவர்களின் கடமை.

நம்பிக்கை: அரசிதழில் வெளிவந்தால் வேலை முடிந்தது.

உண்மை: புகையிலைப் பாக்கெட்டின் இருபுறமும் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்ற விதி 2014 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 2015 ஏப்ரலில் அமலாக வேண்டிய அது, நாடாளுமன்றக் குழு ஒன்றின் பரிசீலனையால் தள்ளிப்போய், 2016 ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தன்னார்வ அமைப்பு ஒன்று மேல்முறையீட்டுக்குச் செல்ல, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. எச்சரிக்கைப் படம் பாக்கெட்டில் நிலைத்தது. அரசிதழ் அறிவிக்கைக்குப் பிறகும் மூன்றாண்டுகளுக்கு மேல் ஆதாரங்களோடு காத்து நின்றவர்களால்தான் இந்த விதி பிழைத்தது.