தோட்டம் கைமாறும் வேளையில் தொழிலாளரின் உரிமை

நமது நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் ஆற்றிய பணி யாவரும் அறிந்ததே. எனினும், அவர்கள் உழைத்த நிலம் அவர்களுக்கு உரியதன்று. உடைமையாளர் விரும்பினால் அதனை விற்கலாம். அவ்வாறு விற்கப்படும் வேளையில், இருபது ஆண்டுகள் பால்மரம் சீவியவரின் நிலை யாது? கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணி, கூலிம் நகரங்களைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டமையால், இவ்வினா நமக்கு மிக அண்மையானது.

இச்சிக்கல் புதியதும் அன்று. 1950ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். வேலை போயிற்று, வேலையை நம்பியிருந்த லயன் வீடும் போயிற்று. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஸிஸ் விரிவாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். 1960இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் பங்குத் தொகை திரட்டினார். அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் என்பது இம்மாநிலத்தார் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது.

ஆயினும், விற்பனைக்கு வரும் தோட்டம் ஒவ்வொன்றையும் தொழிலாளரே வாங்குதல் இயலாது. ஆதலின் சட்டம் தரும் பாதுகாப்பை அறிந்திருத்தல் வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்கீழ் 1980இல் இயற்றப்பட்ட பணிநிறுத்த நிதி விதிகள் இதற்கெனவே உள்ளன.

ஓராண்டேனும் தொடர்ந்து பணியாற்றியவர் வேலை நிறுத்தப்பட்டால் இந்நிதிக்கு உரியவராவார். பணிக்காலம் இரண்டாண்டுக்குக் குறைந்தால் ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் எனில் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் எனில் 20 நாள். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த ஒருவர் 360 நாள் சம்பளம் பெறுவார். அவருடைய சராசரி நாட்சம்பளம் 66 வெள்ளி என்றால், தொகை 23,760 வெள்ளியாகும். இது முன்னறிவிப்புக்குப் புறம்பானது. ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவர்க்கு எட்டு வார முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான சம்பளம் தனியே கிடைக்க வேண்டும்.

தோட்டம் மட்டும் கைமாறி, வேலை தொடர்ந்தால் என்ன ஆகும்? புதிய உடைமையாளர் ஏழு நாட்களுக்குள், முன்னையதினும் குறையாத நிபந்தனைகளுடன் வேலை தர முன்வர வேண்டும். தொழிலாளி அதனை ஏற்றுக்கொண்டால் பழைய பணிக்காலம் அழிவதில்லை. புதியதோடு சேர்ந்து கணக்கிடப்படும். தக்க காரணமின்றி மறுத்தால் பணிநிறுத்த நிதி கிடையாது. புதியவர் வேலை தர முன்வராவிடில், பழைய முதலாளியும் புதிய உடைமையாளரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் நிதியை வழங்கக் கடமைப்பட்டவர்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தாமே விரும்பி வேலையை விட்டு விலகியவர்க்கு இந்நிதி இல்லை. ஆகவே, ஆபீசில் நீட்டப்படும் தாளில் எழுதியிருப்பது வேலைநிறுத்த அறிவிப்பா, இராஜினாமாக் கடிதமா என்பதை அறியாமல் கையொப்பமிடுதல் கூடாது. பதினெட்டு ஆண்டு உழைப்பின் பயன் ஒரு கையொப்பத்தில் கரைந்துவிடும். மலாய்மொழி வாசிக்க இயலாதவர், பள்ளியில் பயிலும் தம் பிள்ளையைக் கொண்டேனும் வாசிக்கச் செய்தல் நலம். தாளை வீட்டிற்குக் கொண்டுசென்று படித்துவிட்டு வருவதாகக் கூறுவது மரியாதைக் குறைவும் அன்று.

பணிக்காலத்தை மெய்ப்பிக்கச் சம்பளச் சீட்டுகள் வேண்டும். அவை தவறியிருந்தால், ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையில் எந்த முதலாளி எந்த ஆண்டில் சந்தா செலுத்தினார் என்பது பதிவாகியிருக்கும்.

வீட்டைப் பற்றியும் கூற வேண்டும். மேற்கண்ட விதிகள் பணம் தருகின்றனவேயன்றி வீடு தருவதில்லை. மாற்று வீடு என்பது பேச்சுவார்த்தையால் பெறப்படுவது. ஆதலின், தோட்டம் விற்கப்படுவதாகச் செய்தி எட்டியவுடனேயே, லயனைக் காலி செய்யுமுன், தொழிற்சங்கக் கிளையின் வழியாக எழுத்துமூலம் கோரிக்கை வைத்தல் வேண்டும். காலி செய்தபின் பேசுவதற்கு வலு குறைவு.

பணிநிறுத்த நிதி, வேலை நின்ற ஏழு நாட்களுக்குள் வழங்கப்பட வேண்டும். வழங்கப்படாவிடில், அருகிலுள்ள ஆள்பல இலாகா அலுவலகத்தில் புகார் செய்யலாம். வழக்கறிஞரை அமர்த்த வேண்டிய கட்டாயமில்லை. அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், வேலைநிறுத்தக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை உடன் எடுத்துச் செல்க.