எதைப் பற்றி எழுதுவது?

நம் சங்க மலருக்குக் கட்டுரை கேட்கும் காலம் வந்துவிட்டால், விடுதியில் இரண்டு வகை நண்பர்களைக் காணலாம். "எனக்கு எழுத ஒன்றுமில்லையே!" என்று வருந்துவோர் ஒரு வகை. "எழுத எவ்வளவோ இருக்கிறது, எதை எழுதுவது என்றுதான் தெரியவில்லை" என்று திகைப்போர் மற்றொரு வகை. முதல் வகையாருக்கு நூல்நிலையம் துணை செய்யும். இரண்டாம் வகையாருக்குத் துணை செய்வது எது? நான் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். ஆதலால் அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறிவுரை கூறும் தகுதி எனக்கு உண்டு என்பதால் அன்று. தவறு செய்து கற்றுக்கொண்டவன் என்பதால்.

நான் படிப்பது வேதியியல். மனம் ஓடுவதோ நாற்புறமும். சிறு வயது முதலே ரயில் என்றால் எனக்கு உயிர். ஒரு சொல் எங்கிருந்து வந்தது, எப்படித் திரிந்தது என்று ஆராய்வதில் ஆசை. டில்லிக்கு வந்து விடுதிச் சாப்பாட்டை உண்ணத் தொடங்கிய பிறகு சமையலிலும் நாட்டம் பிறந்தது. முதலாண்டில் ஒரே நாளில் நான்கு குறிப்பேடுகள் வாங்கினேன். வேதியியலுக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, சொற்களுக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நாலைந்து பக்கம் எழுதினேன். ஒன்றை எழுத உட்கார்ந்தால் மற்ற மூன்றும் என்னை அழைக்கும். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. நான்கு ஏடுகளிலும் வெள்ளைத் தாளே மிகுதி. 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்ற பழமொழியை நம் முன்னோர் என்னைப் போன்ற ஒருவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளைத் தாளோடு இழப்பு நின்றிருந்தால் கவலையில்லை. நான் இழந்தது வேறு.

கரோல் பாக்கில் ஒரு பெரியவர் இருந்தார். 1956-ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறிச் சுருக்கெழுத்தாளர் வேலைக்காக டில்லிக்கு வந்தவர். ஒரு நாள் அவர் வீட்டில் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நீராவி எஞ்சினின் கரித்தூள் தலையெல்லாம் படிந்ததையும், தாயார் கட்டிக்கொடுத்த புளியோதரை இரண்டாம் நாளும் கெடாமல் இருந்ததையும், பக்கத்து இருக்கைக்காரரிடம் முதல் இந்திச் சொல்லைக் கற்றுக்கொண்டதையும் சொன்னார். அதற்குள் யாரோ வந்துவிட்டார்கள். "அடுத்த ஞாயித்துக்கிழமை வாப்பா. சாவகாசமாச் சொல்றேன், நீ எழுதிக்கோ" என்றார்.

"வரேன் மாமா" என்றேன். போகவில்லை. அவர் சொல்வதை எந்த ஏட்டில் எழுதுவது? ரயில் ஏட்டிலா, சொல் ஏட்டிலா, சமையல் ஏட்டிலா? முதலில் நம் துறை எது என்று முடிவு செய்துகொள்வோம், பிறகு போவோம் என்று தள்ளிப்போட்டேன். நான்கு மாதம் சென்று போனபோது மாமி கதவைத் திறந்தார். உள்ளே மாமாவின் படத்திற்கு மாலை போட்டிருந்தது. அந்த முதல் இந்திச் சொல் எது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, இனியும் தெரியப்போவதில்லை.

அதன் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். ஆசைகள் பலவாக இருப்பது குற்றமா? அன்று. அவற்றுள் எது பெரியது என்று உள்ளுக்குள்ளேயே வழக்கு நடத்திக்கொண்டிருந்ததே குற்றம். தெளிவு பெறச் சிலருடைய வாழ்க்கையைப் படித்தேன்.

உ. வே. சாமிநாதையர் இளமையில் மாயூரத்தில் தமிழ் கற்கும்போதே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்றார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதை விரும்பவில்லை என்று அறிந்து இசைப் பயிற்சியை விட்டார். பின்னர் 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அச்சந்திப்பின் பயனாகச் சீவகசிந்தாமணி என்னும் ஒரு நூலில் இறங்கினார். 1887-இல் அதை அச்சிட்டு வெளியிட்டார். ஒரு நூலுக்கு ஏழு ஆண்டுகள்! குறுகிவிட்டாரா என்றால் இல்லை. அது சமண காவியம். ஆதலால் அவ்வூர்ச் சமணர்களிடம் சென்று அவர்கள் சமயக் கருத்துகளைக் கேட்டறிந்தார். நச்சினார்க்கினியர் தம் உரையில் காட்டிய மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்று தேடப்போய்ச் சங்க நூல்களுக்குள் நுழைந்தார். விட்ட இசையும் வீணாகவில்லை. பிற்காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் முதலிய இசைவாணர்களின் வரலாறுகளை அவரே எழுதினார். ஒன்றில் ஆழ்ந்தவருக்குப் பலவும் தாமே வந்து சேர்ந்தன.

மற்றொருவர் மா. கிருஷ்ணன், பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். படம் வரைவார், புகைப்படம் எடுப்பார், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல், 1996-இல் தாம் மறையும் வரை, ஒரே தலைப்பில் கட்டுரைத் தொடர் எழுதிவந்தார். தலைப்பு ஒன்றுதான்; பொருளோ யானை முதல் வீட்டுப் பல்லி வரை விரிந்தது. அவரை ஒரு விலங்கு கட்டிப்போடவில்லை. நம் நாட்டு உயிர்களை நம் கண்ணால் பார்ப்பது என்ற ஒரு நோக்கே அவருக்கு வேலியாக இருந்தது. வேலி அகலமாக இருக்கலாம். ஆனால் வேலி என்று ஒன்று இருக்க வேண்டும்.

ஒட்டாத இரண்டு ஆசைகள் உடையவர் என்ன செய்வது? சு. தியடோர் பாஸ்கரனைப் பாருங்கள். அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்த அவர், தமிழ்த் திரைப்பட வரலாற்றையும் எழுதினார். காட்டுயிர்களைப் பற்றியும் எழுதினார். திரைப்படத்துக்குத் தனி நூல், காட்டுக்குத் தனி நூல். படிப்பவன் எந்த வாசலில் நுழைகிறோம் என்று அறிந்தே நுழைகிறான். இரண்டு வாசல் வைப்பது தவறன்று. ஒரே வாசலில் இரண்டு பெயர்ப் பலகை மாட்டுவதே தவறு.

இவற்றைப் படித்த பின் எனக்கென்று ஒரு கணக்குப் போட்டேன். அது உங்களுக்கும் பயன்படலாம்.

முதற் படி, சரக்கை எண்ணுவது. ஒவ்வோர் ஆசைக்கும் ஒரு தாள் எடுத்து, எழுந்திருக்காமல் பத்துக் கட்டுரைத் தலைப்புகள் எழுதினேன். வேதியியல் மூன்றாவதில் நின்றது. சமையல் ஐந்தைத் தாண்டவில்லை. சொற்கள் எட்டு வந்தன. ரயிலுக்குப் பத்தும் வந்தன. ஆசை வேறு, சரக்கு வேறு என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இரண்டாம் படி, கைக்கு எட்டுவதைப் பார்ப்பது. ரயிலைப் பற்றிய பத்தில் ஏழு, பிறர் நூல்களிலிருந்து எடுத்து எழுத வேண்டியவை. நான் எழுதாவிட்டால் உலகத்துக்கு நட்டமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் போய்வரும் தொலைவில், நானே பார்த்தும் கேட்டும் எழுதக்கூடியது எது என்று ஒவ்வொரு தலைப்பையும் கேட்டேன். பாதிக்கு மேல் உதிர்ந்தன.

மூன்றாம் படி, காத்திருக்கக் கூடியதையும் காத்திராததையும் பிரிப்பது. நூல்நிலையத்தில் உள்ள புத்தகம் இன்னும் பத்தாண்டு கழித்தும் அதே அலமாரியில் இருக்கும். தொண்ணூறை நெருங்கும் மனிதர் அப்படி இருப்பாரா? இந்தக் கேள்வியை மட்டும் நான் முன்னமே கேட்டிருந்தால் மாமாவின் கதை என் ஏட்டில் இருந்திருக்கும். மற்றப் படிகள் எல்லாவற்றையும் விட இதுவே முக்கியமானது என்பது என் கருத்து.

நான்காம் படி, துறையைத் தேடாமல் கேள்வியைத் தேடுவது. மிஞ்சிய தலைப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றி நின்றன: தமிழர் டில்லிக்கு வந்தபோது எதைக் கொண்டுவந்தார்கள், இங்கே அது என்ன ஆயிற்று? நான்கு ஆசைகளுக்கும் இதில் இடம் இருந்தது.

ஐந்தாம் படி, எல்லை வைப்பது. வாழ்நாள் முழுவதும் இதையே எழுதுவேன் என்று சபதம் செய்தால் அச்சம் வரும்; எழுத்து வராது. ஆறு கட்டுரைகள் என்று வரையறுத்துக்கொண்டேன். ஆறு முடியும் வரை வேறு பக்கம் திரும்புவதில்லை. முடிந்தபின் பிடிக்காவிட்டால் மாறலாம்.

முதல் கட்டுரைக்காக மாமியிடமே போனேன். கூச்சமாகத்தான் இருந்தது. மாமி ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. ஜனவரி மாதம் அது. சமையலறை மூலையில் ஒரு பழைய தகரப் பெட்டி. "திறந்து பாரேன்" என்றார். உள்ளே ரஜாய் சுற்றிய ஒரு பாத்திரம். "இட்லி மாவுப்பா. இந்தக் குளிர்ல ரஜாய் போத்தினாத்தான் பொங்கும். பெட்டி உங்க மாமா ஊரிலிருந்து ரயில்ல கொண்டுவந்தது" என்றார்.

நான் சற்று நேரம் பேசாமல் நின்றேன். மாவைப் பொங்கச் செய்வன அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே உள்ள நுண்ணுயிர்கள். அவற்றுள் லியூகோனோஸ்டாக் என்னும் வகை கரியமில வாயுவை வெளியிடுவதால்தான் மாவு உப்புகிறது. முப்பது டிகிரி சூட்டை ஒட்டி அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். சென்னையில் யாரும் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. டில்லியின் ஜனவரி இரவிலோ பத்து டிகிரிக்கும் கீழே குளிர் இறங்கும்; அவை சோம்பிப்போகும். ரஜாய் சூட்டை உண்டாக்குவதில்லை. அரைத்த மாவில் உள்ள வெதுவெதுப்பை விரைவில் போகாமல் காக்கிறது, அவ்வளவுதான். இது வேதியியல் ஏட்டுக்கு உரியதா, சமையல் ஏட்டுக்கா? தமிழ் வாக்கியத்தின் நடுவில் உறுத்தாமல் உட்கார்ந்திருந்த 'ரஜாய்' என்ற இந்திச் சொல் எந்த ஏட்டுக்கு? பெட்டி எந்த ஏட்டுக்கு? நான் நான்காகப் பிரித்து வைத்திருந்தவை மாமியின் சமையலறையில் ஒன்றாகவே இருந்தன.

அந்தக் கட்டுரையை முடித்தேன். இப்போது நான்காவது நடக்கிறது. இந்தக் கேள்விக்குள் வராத ஆசைகளும் எனக்கு உண்டு. அவற்றைத் துரத்தவில்லை, ஒரு தாளில் தேதியிட்டுக் குறித்து வைக்கிறேன். ஆறு முடியட்டும். அந்த நான்கு ஏடுகளிலும் மிஞ்சியிருந்த வெள்ளைத் தாள்களைப் பிரித்து ஒன்றாகத் தைத்துக்கொண்டேன். எழுத இப்போது ஒரே ஏடுதான்.

நண்பர்களே, உங்களுள் கணிதத்தையும் கர்நாடக இசையையும் கிரிக்கெட்டையும் ஒருங்கே நேசிப்பவர் இருப்பீர்கள். அவற்றில் எதையும் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்றிரவே தாளை எடுத்துத் தலைப்புகளை எண்ணுங்கள். கைக்கு எட்டுவது எது, காத்திராதது எது என்று கேளுங்கள். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை யாரேனும் பெரியவர் உங்களை 'வா' என்று அழைத்திருந்தால், கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அங்கே போய்வாருங்கள். தலைப்பைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம்.