விட்ட இடத்தில் தொடங்காதீர்கள்

ஜனவரி முதல் வாரம் மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர்களைப் பார்த்தால், இனி இந்த ஊரில் யாருக்கும் சர்க்கரை வராது என்று தோன்றும். பொங்கல் கழிந்து போய்ப் பாருங்கள், பழைய முகங்கள்தான் மிஞ்சியிருக்கும். நின்றுபோனவர்களை நான் சோம்பேறிகள் என்று நினைப்பதில்லை. நானே பலமுறை நின்றுபோனவள்தான். பள்ளிக்கூட வேலை, வீட்டில் வயதான மாமியார், பிள்ளைகளின் பரீட்சை, நடுவில் ஒரு சிக்குன்குனியா, அது ஓய்ந்ததும் குதிகால் வலி. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணின் நடைப்பயிற்சி அறுபடக் காரணம் தேட வேண்டியதே இல்லை. எப்படியும் அறுபடும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு, திரும்பி வர ஒரு வழியைத் தயாராக வைத்திருப்பவர்கள்தான் பல வருஷம் கழித்தும் குளத்தங்கரையில் தென்படுகிறார்கள். எடை குறைக்கும் விஷயத்தில் எனக்குப் பிடிபட்ட சூட்சுமம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

திரும்பி வரும்போது, விட்ட இடத்தில் தொடங்காதீர்கள். காய்ச்சலுக்கு முன் நாலு சுற்று நடந்தவர், எழுந்த முதல் நாளே நாலு சுற்று நடக்கப் பார்ப்பார். இங்கே ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். மறுநாள் கால் கழன்று விழுகிறாற்போல் வலிக்கும். அதற்கடுத்த நாள் போர்வைக்குள் கிடப்பார். உடம்பு முடியாமல் கிடந்துவிட்டுத் திரும்பினால் ஒரே ஒரு சுற்றோடு வீட்டுக்கு வந்துவிடுவது என் வழக்கம். இன்னும் நடக்கலாம் போலிருக்கே என்ற எண்ணம் மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அந்த மிச்சம்தான் மறுநாள் காலையில் நம்மை எழுப்பி விடுகிறது. சிக்குன்குனியாவில் இது இன்னும் முக்கியம். காய்ச்சல் சில நாளில் போய்விட்டாலும் மூட்டுவலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். வலியோடு மல்லுக்கட்டி நடந்து வீரம் காட்ட வேண்டியதில்லை. மருத்துவரைக் கேட்டுவிட்டு, வாசலிலிருந்து தெருமுனை வரை போய்வந்தால் போதும்.

ஒருநாள் விட்டால் எல்லாம் போச்சு என்ற நினைப்பு விடுபட்ட நாளைவிட அதிகக் கெடுதல் செய்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவர் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். புதிய செயல் ஒன்று பழக்கமாக எத்தனை நாள் பிடிக்கிறது என்று 96 பேரிடம் பார்த்தார்கள். சராசரியாக 66 நாள் என்று தெரிந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இருபத்தோரு நாளில் பழகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களை இனி நம்ப வேண்டாம். எனக்கு ஆறுதல் தந்தது அதிலிருந்த இன்னொரு செய்தி. நடுவில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதனால் நான் நாள் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குக்கு வந்துவிட்டேன். உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்றுதான் சொல்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த நிபந்தனையையும் 2020இல் எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறியது, பஸ்ஸுக்கு வேகமாக நடந்தது எல்லாமே சேரும். திங்கள் செவ்வாய் மழையில் போனால் வியாழன், வெள்ளி, ஞாயிறு இருக்கிறதே.

பத்தாயிரம் அடி என்ற எண்ணும் பலரை வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறது. சாயங்காலம் கைக்கடிகாரம் ஐயாயிரம் காட்டினால் முகம் தொங்கிவிடும். அந்த எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததே இல்லை. 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவி விற்பதற்குப் பிடித்த எண் அது. ஐ-மின் லீ என்ற ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வயதான அமெரிக்கப் பெண்களில் நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. சுமார் 7,500க்கு மேல் நடந்தவர்களிடம் கூடுதல் பலன் தெரியவில்லை. ஐயாயிரம் நடந்த அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இனி எடை மெஷின். அதனோடு சண்டை போட்டுத்தான் பாதிப் பேர் பயிற்சியை விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுத் திங்களன்று ஏறி நின்றால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். மாசக்கணக்கில் பட்ட பாடு ஒரே வேளையில் போச்சே என்று நெஞ்சு அடைக்கும். கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர, செலவுக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். எத்தனை தட்டு பிரியாணி சாப்பிட்டால் அவ்வளவு ஆகும்? கூடியதில் பெரும்பகுதி தண்ணீர். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. நாம் சாப்பிடும் மாவுச்சத்து ஈரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேரும்போது, ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் அளவில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு போகிறது. மாதவிலக்கை ஒட்டியும் பல பெண்களுக்கு எடை ஏறி இறங்கும். இதே காரணத்தால், சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததைப் பார்த்துத் துள்ளுவதற்கும் ஒன்றுமில்லை. அதுவும் பெரும்பாலும் தண்ணீர்தான். விசேஷம் முடிந்த மூன்று நாளுக்கு எங்கள் வீட்டு மெஷின் கட்டிலுக்கடியில் போய்விடும். மற்றபடி வாரம் ஒருநாள், காலையில், வெறும் வயிற்றில். ஒரு வாரத்து எண்ணை நம்பாமல் மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

இதைவிடக் கடினமான கட்டம் ஒன்று உண்டு. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் எடை அசையாது. என்னைக் கேட்டால், கல்யாணச் சாப்பாட்டைவிட இதுதான் அதிகப் பேரைத் துரத்துகிறது. உடம்பு சிறுத்தால் அதற்கான செலவும் சிறுத்துவிடும். முன்பு எடையைக் குறைத்த அதே சாப்பாடு இப்போது எடையை நிறுத்தி வைக்க மட்டும் போதுமானதாகிவிடும். பசி வேறு கூடும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் எடை குறைத்த 50 பேரைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2011இல் வந்தது. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஒரு வருஷம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இதைப் படித்த பிறகு ராத்திரி பத்து மணிப் பசியை என் பேராசை என்று திட்டுவதை விட்டேன். உடம்பு தொலைத்ததைத் திரும்பக் கேட்கிறது. அதற்கு ஒரு முட்டையோ, கொஞ்சம் சுண்டலோ, மோரோ கொடுக்கலாம். எடை நிற்கும் மாதங்களில் குறைக்கப் பார்ப்பதில்லை, கூடாமல் பார்த்துக்கொள்கிறேன். அதுவே ஒரு வேலைதான்.

நடந்தால் மட்டும் இளைத்துவிடலாம் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். எழுபது கிலோ உள்ளவர் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் 120 முதல் 150 கலோரி வரை செலவாகும். நடந்து முடித்ததும் டீக்கடை வாசலில் நின்று அரசியல் பேசும் கூட்டம் ஒன்று எல்லா ஊரிலும் உண்டு. ஆளுக்கொரு உளுந்தவடை, சீனி போட்ட டீ. நடந்ததும் தின்றதும் நேராகிவிடும். நான் குறை சொல்லவில்லை, அந்தக் கூட்டத்துக்காகவே தினம் எழுந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். வடையைப் பாதியாகப் பிட்டுக்கொள்ளலாம், கூட்டத்தை விட வேண்டாம். எங்களைப் போன்ற பெண்களுக்கு வடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைகள் தட்டில் வைத்த மிச்சம், சட்டியில் ஒட்டிய கடைசிக் கரண்டிப் பொங்கல், ‘வீணாப் போகக் கூடாது’ என்று வாயில் போடுவதெல்லாம் யார் கணக்கில் சேரும்? ஒரு டம்ளர் அரிசியைக் குறைத்து உலை வைப்பது எனக்குப் பல டயட்டுகளைவிட உதவியது.

மெஷின் காட்டும் எண்ணே வேண்டாம் என்றால் வேறு அளவைகள் இருக்கின்றன. இடுப்பை டேப் வைத்து அளக்கலாம். நம் இந்திய உடல்வாகுக்குப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 தாண்டினால் கவனிக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஒல்லியாகத் தெரியும் நம்மவர்களுக்குக்கூட வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடுவதால் தராசைவிட டேப் சில சமயம் உண்மையைச் சொல்லும். இன்னொன்று பழனி. 693 படி. வருஷா வருஷம் போகும்போது எத்தனை இடத்தில் உட்காருகிறேன் என்று பார்த்துக்கொள்வேன். எடை இம்மியும் குறையாத ஒரு வருஷத்தில், பாதி மலை வரை உட்காராமல் ஏறினேன். அந்த வருஷம்தான் நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதையும், சுவரில் கைவைத்துத் தண்டால் எடுப்பதையும் ஆரம்பித்திருந்தேன். வயதாக ஆகத் தசை கரையும். பட்டினி கிடந்து இளைத்தால் இன்னும் கரையும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்வது அதனால்தான். சுடிதாருக்குக் கீழே ஷூ மாட்டிக்கொண்டு தெருவில் போகக் கூச்சப்படுகிற பெண்களுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு செய்ய இது வசதியும்கூட.

கூச்சம் என்றதும் ஊர்வாய் நினைவுக்கு வருகிறது. இளைத்தால், “என்ன டீச்சர், முகமெல்லாம் ஒட்டிப்போச்சு, சுகர் செக் பண்ணீங்களா?” நடை நின்று கூடினால், “இப்பத்தான் பூசினாப்புல நல்லா இருக்கீங்க.” இரண்டுக்கும் நடுவில் நாம் பாதை போட வேண்டும். எத்தனை கிலோ குறைக்கப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தால் பாதித் தொல்லை ஒழியும். எங்கே, எத்தனை மணிக்கு நடக்கிறேன் என்பதை மட்டும் ஒருத்தரிடமாவது சொல்லி வைக்க வேண்டும். வரவில்லையென்றால் போன் பண்ணிக் கேட்க ஆள் வேண்டுமே.

குதிகால் வலியைச் சொல்லாமல் விட மனசில்லை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறுவதுபோல் குத்தி, நாலு அடி நடந்ததும் தணிந்தால் பெரும்பாலும் பாதத்தின் அடிநாரில் வரும் தொல்லைதான். தேய்ந்த ரப்பர் செருப்போடு சிமெண்ட் தரையில் நடந்தால் போகாது. கெண்டைக்காலை இழுத்துவிடும் பயிற்சி, தண்ணீரை உறைய வைத்த பாட்டிலைக் காலடியில் உருட்டுவது, நல்ல ஷூ, கொஞ்சம் பொறுமை. எனக்குக் கேட்டது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் தெரிபவர்களும் என் அனுபவத்தைப் படிப்பதைவிட முதலில் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

ஆவணியில் நாத்தனார் மகள் கல்யாணம். சீர், பலகாரம், விருந்தாட்கள் என்று ரெண்டு வாரம் குளத்தங்கரைப் பக்கமே போக முடியாது. அது இப்போதே தெரிகிறது. கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஒரே ஒரு சுற்று, மெதுவாக, என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். “ஒரு சுத்துக்கு எதுக்குடி ஷூவெல்லாம் மாட்டிக்கிட்டு?” என்கிறார் அவர்.