பெரிய போர்டு வைக்குமுன் தெரிந்து கொள்ள வேண்டியவை



நம் கடைத்தெரு நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "டி.வி.யில் கால்பந்துப் போட்டி பார்க்கிறேன். ஸ்டேடியத்தின் நெற்றியிலேயே கம்பெனிப் பெயரை ஆள் உயர எழுத்தில் வைத்திருக்கிறார்கள். அவர்களை யார் கேட்கிறார்கள்? நாம் மாடியில் ஒரு போர்டு வைத்தால் மட்டும் லைசென்ஸ் எங்கே என்கிறார்களே!"

நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களையும் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து செயின்ட் ஜேம்ஸ் பார்க் கால்பந்து அரங்கின் பெயரை 2011 நவம்பரில் உரிமையாளர் தம் கடை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றினார். ரசிகர்கள் கொதித்தார்கள். 2012 அக்டோபரில் பழைய பெயரே திரும்பி வந்தது. பெயர் வைப்பது உரிமையாளர் விருப்பம். ஆனால் அந்தப் பெயரை அரங்கின் வெளிச்சுவரில் பெரிய பலகையாக ஏற்றுவதற்கு அந்நாட்டில் 2007-ஆம் ஆண்டின் விளம்பர விதிகள் உண்டு. உள்ளாட்சி மன்றம் இரண்டே விஷயம்தான் பார்க்கும். அந்த இடத்தின் அழகு கெடுகிறதா? பொதுமக்கள் பாதுகாப்புக்குப் பங்கம் உண்டா? எழுதியிருக்கும் சரக்கு நல்லதா கெட்டதா என்பது அவர்கள் கணக்கில் வராது.

நம் நாட்டுச் சட்டத்தின் உட்பொருளும் இதுதான். பெரிய போர்டு என்பது விளம்பரம் மட்டும் அல்ல, அது ஒரு கட்டடம். காற்றில் நிற்க வேண்டிய கட்டடம்.

காற்றின் கணக்கு

நாம் மூட்டைக் கணக்கில் பழகியவர்கள். ஆகவே மூட்டையிலேயே சொல்கிறேன். சென்னை இருக்கும் மண்டலத்தில் கட்டடத்துக்குக் கணக்கிட வேண்டிய காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் விழும். 20 அடிக்கு 10 அடி போர்டு என்றால் ஏறத்தாழ 2,800 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை 56-ஐ ஒரே நேரத்தில் போர்டின் மேல் சாய்த்தது போல! காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. என் மண்டியின் மாடியில் 16 அடி போர்டு வைத்திருந்தேன். அனுமதி வாங்கவில்லை. வெல்டிங்காரர் "நிற்கும் அண்ணாச்சி" என்றார், நானும் நம்பினேன். கைப்பிடிச் சுவரில் நாலு போல்ட்டு, அவ்வளவுதான். 2016 டிசம்பர் 12 வர்தா புயலன்று போர்டு சுவரையும் பெயர்த்துக்கொண்டு கீழே வந்தது. விழுந்த இடம் சுமை தூக்கும் பிள்ளைகள் மதியம் உட்கார்ந்து சாப்பிடும் திண்ணை. புயல் எச்சரிக்கையால் அன்று கடை அடைப்பு. அதனால் பிழைத்தோம். அந்தத் திண்ணையைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. 2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை வேலையின்போது இரும்புச் சட்டம் சரிந்து தொழிலாளர் மூவர் மாண்டனர். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் விழுந்த பலகை 17 உயிர்களைக் கொண்டு போயிற்று. மாநகராட்சி அனுமதிக்கும் அளவு 40-க்கு 40 அடி. அங்கே நின்றது 120-க்கு 120. நீளம் மூன்று மடங்கு என்றால் பரப்பு ஒன்பது மடங்கு! துணி பேனரும் சாதாரணம் அல்ல. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் கல்யாண பேனர் ஒன்று ஸ்கூட்டரில் சென்ற 23 வயதுப் பெண் மீது விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் அவர் உயிர் போயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

சென்னையில் விளம்பரப் பலகைகளுக்கு 2003-இல் வந்த விதிகளை எதிர்த்து விளம்பரக் கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 2008-இல் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் முதல் பேரூராட்சி உள்ளிட்ட நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கெல்லாம் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஆகவே "இது சின்ன ஊர்தானே" என்ற சமாதானம் இனிச் செல்லாது.

நம் உத்திரமேரூருக்கு மேலும் ஒன்று உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி அத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். அந்த எல்லைக்குள் கடை வைத்திருப்போர் இரும்புச் சட்டம் எழுப்புமுன் தொல்லியல் துறையிடமும் கேட்டுக் கொள்வதே புத்தி.

நாம் செய்ய வேண்டியவை

1. முன்பணம் கொடுக்குமுன் பேரூராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

2. வாடகைக் கட்டடம் என்றால் கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் அவசியம்.

3. மாடியில் சட்டம் எழுப்பினால் கட்டடப் பொறியாளரிடம் உறுதிச் சான்று வாங்குங்கள். வெல்டிங்காரர் வார்த்தை சான்று ஆகாது.

4. ஐப்பசி பிறக்குமுன் ஆண்டுதோறும் போல்ட்டு, துரு, சுவர் விரிசல் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

5. கம்பெனிக்காரர்கள் இலவசமாகத் தரும் போர்டுக்கும் இதே விதிதான். விழுந்தால் போலீஸ் முதலில் வருவது நம் கடைக்கு.

6. கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடத்தில் இருக்க வேண்டும். இது 1948-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளில் உள்ளது.

பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-இல் நம் ஊர்ச் சபையார் குடவோலைத் தேர்தல் விதிகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளாக அந்த எழுத்து யார் தலையிலும் விழவில்லை. நம் போர்டு பத்து வருஷமாவது அப்படி நிற்க வேண்டாமா?

வாடிக்கையாளர் நம் பெயரை அண்ணாந்து பார்த்து உள்ளே வர வேண்டும். அண்ணாந்து பார்த்து ஒதுங்கிப் போகக்கூடாது.